சிறு மின்கருவிகளும் சிக்கன மின்னேற்றமும்

நக்கிள்ஸ் மலைச்சரிவிலே, பன்விலப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கிவரும் ஹுலு கங்கை, விக்ரோறியா நீர்த்தேக்கத்திலே சென்று கலக்கின்றது. அத்தேக்கத்து நீர் சுழற்றும் பொறிகள் மூன்றும் ஒருங்கே இயங்குமாயின் 210 மெகாவாற்று வலுவை ஆக்கவல்லன. அந்நீரின் ஒரு பகுதி எந்த மலையிலே மழையாக விழுந்ததோ, அந்த மலையிலே வாழும் தோட்டத் தொழிலாளி தன் கைத்தொலைபேசியை ஒருமுறை நிரப்புவதற்கு வேண்டிய மின்சத்தி ஏறத்தாழ இருபது வாற்று மணியாகும். விக்ரோறியாப் பொறிகள் அதனை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரத்தில் ஆக்கிவிடும். எனினும் அச்சிறு அளவைப் பெறுதற்கு மக்கள் அங்காடிக்கும் அயலூருக்கும் அலைந்த காலங்கள் இந்நாட்டில் உண்டு. மறந்துவிடத்தக்க தொலைவில் அவை இல்லை. மின்சாரம் விலையுயர்ந்தது என்பதனாலா இவ்வலைச்சல் நேர்ந்தது? அன்று. ஆராய்ந்து நோக்குமிடத்து, மின்சத்தி மிக மலிந்த பொருள் என்பதும், அதனைச் சேமித்து வைப்பதற்கும் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றுவதற்குமே ஏழை பெருவிலை கொடுக்கின்றான் என்பதும் புலனாகும்.

2022 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதற்குத் தக்க சான்றாவன. வெளிநாட்டுச் செலாவணி வற்றிப்போக, எண்ணெய் வாங்குவதற்குப் பணமின்றி நாடு தவித்தது. மின்வெட்டு நாளாந்த வழக்கமாயிற்று. மார்ச் 31 ஆம் நாள் அது 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே காலத்தில் எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் வரிசை கட்டின. ஜூன், ஜூலை மாதங்களில் அவ்வரிசைகள் நாட்கணக்கில் அசையாது நின்றன. வான் ஓட்டுவோரும் முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் தத்தம் வண்டியிலேயே உண்டு, வண்டியிலேயே உறங்கினர். வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்தல் மேல்நாடுகளில் சிலர் விரும்பி மேற்கொள்ளும் வாழ்க்கை முறை. இங்கோ அது விரும்பாதோர் தலைமேல் வந்து விழுந்தது.

அவ்வாறு வண்டியில் வாழ நேர்ந்தவனுக்குக் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. எந்த நிலையத்துக்கு எண்ணெய் வருகின்றது என்ற செய்தி அதன்மூலமே வந்தது. வீட்டிலுள்ளோர்க்கு மறுமொழி அதன்மூலமே சென்றது. அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிமுறை தொடங்கப்பெற்றபோது, மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர் என வாரப்பங்கு வகுக்கப்பட்டது. பங்கைப் பெறுதற்குரிய கியூ.ஆர். குறியைப் பலர் தொலைபேசியிலேயே வைத்திருந்தனர். தொலைபேசி அணைந்துபோனால் வரிசையில் காத்து நின்றதன் பயனும் குறைந்துபோம். அதற்கு முன்னர், 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் பூட்டிக்கிடந்த வேளை, தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலிருந்த ஒரேயொரு தொலைபேசியே வகுப்பறையாயிற்று என்பதனையும் இங்கு நினைவுகொள்ளல் தகும்.

வேண்டிய மின்சத்தி எவ்வளவு என்று கணித்தறிதலே சிக்கனத்தின் முதற்படியாகும். ஒரு மின்கலத்தின் கொள்ளளவை வணிகர் மில்லி அம்பியர் மணியாற் குறிப்பர். இக்குறிப்பு மட்டும் போதாது. அதனை வோல்ற்றளவாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தாலன்றி வாற்று மணி, அஃதாவது உண்மையான சத்தியளவு, தெரியவராது. 4,000 மில்லி அம்பியர் மணியென்று பொறிக்கப்பட்ட தொலைபேசி மின்கலம் ஏறக்குறைய 3.8 வோல்ற்றில் இயங்குவதாதலின் அது கொள்வது 15 வாற்று மணி. மின்னேற்றும்போது வெப்பமாகக் கழிவதனையுஞ் சேர்த்து இருபது என்று கொள்ளலாம். பொத்தான்களையுடைய பழைய சிறு தொலைபேசிக்கு நான்கு வாற்று மணியே போதும். அது சில நாட்களுக்குத் தாங்கும். மூன்று வாற்று எல்.ஈ.டி. விளக்கொன்று இரவில் நான்கு மணி நேரம் எரிந்தால் பன்னிரண்டு. சிறு வானொலிப் பெட்டி மாலைமுழுதும் பேசினாலும் மூன்று அல்லது நான்கு. ஆக, ஒரு தொலைபேசி, ஒரு விளக்கு, ஒரு வானொலி என்னும் மூன்றுக்கும் ஒருநாட் தேவை 36 வாற்று மணி. பழைய அறுபது வாற்றுக் குமிழொன்று முப்பத்தாறு நிமிடத்தில் இதனை எரித்துத் தீர்த்துவிடும்.

இக்கணக்கை அறியாதார் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 10,000 மில்லி அம்பியர் மணியென்று பொறித்த பவர் பாங்க் ஒன்றை வாங்கியவன், தன் 4,000 அளவுத் தொலைபேசியை அது இரண்டரைத் தடவை நிரப்பும் என்று எண்ணுவான். அப்பொறிப்போ உள்ளேயிருக்கும் 3.7 வோல்ற்றுக் கலங்களுக்குரியது. சத்தியளவில் அது 37 வாற்று மணி. ஐந்து வோல்ற்றுக்கு உயர்த்தி வெளியே விடுகையில் 31 அளவே எஞ்சும். தொலைபேசியும் தன் பங்குக்குச் சிறிது வெப்பமாக்கும். ஆகவே இரண்டு தடவைகூட முற்றாக நிரம்பாது. கடைக்காரன் பொய் சொல்லவில்லை. வாங்கியவன் கணக்கைப் போடவில்லை.

மலையகத்தில் மின்னுக்கு மக்கள் கொடுத்த விலையின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, அருவி நீராற் சிறு பொறிகளைச் சுழற்றி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மின்னாக்கிக்கொண்டன. அதே தோட்டத்து லயங்களில் அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இலங்கை வானொலியைக் கேட்பதற்குத் திரான்சிஸ்ரர்ப் பெட்டி வந்தபோது, அதற்கு உயிர் கொடுத்தவை உலர்கலங்கள். அவற்றின் விலையை ஒருகணம் எண்ணுக. தரமான சிறு உலர்கலமொன்று தரும் சத்தி ஏறத்தாழ மூன்று வாற்று மணி. மலிந்த கலம் அதிற் பாதியுந் தராது. வீட்டு மின்மானி ஓர் அலகு என்று காட்டுவது 1,000 வாற்று மணி. எனவே மின்கம்பியால் வரும் ஓரலகை உலர்கலத்தால் வாங்கப் புகுந்தவன் முந்நூற்றுக்கு மேற்பட்ட நல்ல கலங்களை வாங்குதல் வேண்டும். செல்வன் ஓரலகுக்குக் கொடுப்பதைப்போல எத்தனையோ மடங்கு விலையை ஏழை கொடுத்தான். சிறிது சிறிதாகக் கொடுத்தமையால் அது தெரியாமற் போயிற்று.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. கம்பி எட்டாத ஊர்களில், 12 வோல்ற்றில் இயங்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்காக மோட்டார்க் கார்ப் பற்றரியை வாங்கி, அது சோர்ந்தபோதெல்லாம் சந்தைக்கடைக்குத் தோளிலோ பேருந்திலோ கொண்டுசென்று மின்னேற்றி வருதல் 1980 களில் நாட்டின் பல பாகங்களிலும் காணப்பட்ட வழக்கம். பற்றரியின் நிறை, பேருந்துக் கட்டணம், கடைக்காரன் கூலி, இவற்றோடு அரைநாள் வேலை இழப்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், உள்ளேயிருந்த மின்சாரத்தின் விலை அவற்றுள் மிகச் சிறிய பகுதியாகவே நின்றிருக்கும்.

இன்னும் கடிய நெருக்கடி யாழ்ப்பாணக் குடாநாட்டில் நேர்ந்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் அங்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையால் உலர்கலங்களும் வருதல் நின்றன, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. திரியைச் சிறிதாக்கி எண்ணெயை மிச்சம் பிடிக்கும் ஜாம் போத்தல் விளக்கு வீடுதோறும் எரிந்தது அக்காலத்திலேதான். வானொலி கேட்பதற்கு மக்கள் கண்ட வழி சைக்கிள் தைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, ஏனையோர் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசைச் செய்தியைக் கேட்டனர்.

இம்முறையிலே பௌதிகம் கற்போர் கருதத்தக்க நுட்பங்கள் சில உள. சைக்கிள் தைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று வலுவைத் தருமாறு அமைந்தது. நான்கு உலர்கலங்களில் இயங்கும் வானொலிக்கும் வேண்டியது 6 வோல்ற்றே. இப்பொருத்தம் தற்செயலானதெனினும் மக்களுக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும் தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்தால் ஓட்டம் ஒருதிசைப்படும். அதன் ஏற்றவிறக்கத்தை ஒரு கொள்ளளவி தணிக்கும். வானொலி உட்கொள்வது அரை வாற்றளவேயாதலின் மூன்று வாற்றுக்குரிய பாரம் அதன்மேல் இல்லை. எனவே சுற்றுபவன் விரைந்து சுற்றினால் வோல்ற்றளவு எகிறிப் பெட்டி எரிந்துபோகக்கூடும். சீராகச் சுற்றுதலே வேண்டும். ஒரு மணி நேரம் சுற்றினாற் கிடைக்கத்தக்கது மூன்று வாற்று மணி. ஓர் உலர்கலத்தின் அளவு. இதே முறையால் இக்காலத் தொலைபேசி ஒன்றை நிரப்பப் புகுந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேற் சுழற்றவேண்டும். வானொலி அந்நாளில் மக்களைக் காத்ததற்கு அதன் சிறு பசியே காரணம். இக்காலத் தொலைபேசியோ பெரும்பசிக்காரன்.

இனி, வண்டியில் வாழ்வோன் நிலையை நோக்குதல் வேண்டும். அவனிடம் ஒரு மின்கலவடுக்கு ஏற்கெனவே உண்டு. முச்சக்கர வண்டிக்கோ சிறு வானுக்கோ உரிய 12 வோல்ற்று, 35 அம்பியர் மணிப் பற்றரியை உதாரணமாகக் கொள்க. அதன் சத்தி 420 வாற்று மணி. அதனை முழுவதும் எடுத்தல் ஆகாது. எஞ்சினைக் கிளப்புவதற்கென அமைந்த ஈயப் பற்றரி, ஒருகணம் பெருமின்னைக் கொடுத்து உடனே நிரம்புமாறு செய்யப்பட்டது. ஆழமாக வெறுமையாக்கினால் அதன் தட்டுக்களில் ஈயச் சல்பேற்றுப் படிந்து அது விரைவில் இறக்கும். காற்பங்கு எடுத்தல் தகும். அஃது 105 வாற்று மணி. தொலைபேசி ஐந்தை நிரப்பும். நூறு ரூபாய்க் கணக்கிற் கிடைக்கும் எளிய வோல்ற்றுமானி ஒன்று இவ்வெல்லையைக் காட்டும். ஓய்ந்திருக்கும் பற்றரி நிறைவில் 12.7 வோல்ற்றுக் காட்டும், பாதியில் 12.2. அதற்குக் கீழே இறங்கவிடுவோன் மறுநாள் வண்டியைத் தள்ளவேண்டியவனாவான்.

அந்த 105 வாற்று மணியை எவ்வழியால் எடுப்பது என்பதிலேயே சிக்கனம் முழுவதும் தங்கியுள்ளது. சிகரெட் லைட்டர்க் குழியிற் செருகும் சிறு கருவி 12 வோல்ற்றை நேரே 5 வோல்ற்றாகக் குறைப்பது. இடையிற் கழிவது நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து. இதைவிடப் பெருமையாகத் தோன்றுவது இன்வேட்டர். அது 12 வோல்ற்றை 230 வோல்ற்று ஆடலோட்டமாக உயர்த்தும். வீட்டிலே பயன்படும் மின்னேற்றியை அதிற் செருக, அது மீண்டும் 5 வோல்ற்றாக இறக்கும். மாடிக்கு ஏறி மறுபடி இறங்கி அடுத்த அறைக்குச் செல்வதை ஒக்கும் இது. ஏறும்போது ஐந்திலொரு பங்கும் இறங்கும்போது ஐந்திலொரு பங்கும் கழிகின்றன. அன்றியும், சிறிய இன்வேட்டரும் வெறுமனே இயங்குதற்கு ஐந்து வாற்றளவு உண்ணும். இரண்டரை மணி நேரத்தில் ஒரு தொலைபேசியை நிரப்புவதற்குப் பற்றரியிலிருந்து செல்வது ஏறத்தாழ 40 வாற்று மணி, நேர்வழியினும் இருமடங்கு. இரவு முழுவதும் அணைக்க மறந்தால் ஒன்றும் செருகப்படாமலே மற்றுமொரு 40 போய்விடும். விளக்கு, விசிறி, தொலைபேசி யாவும் 12 வோல்ற்றிலோ 5 வோல்ற்றிலோ கிடைக்கும் இந்நாளில், சிறு கருவிகளுக்காக இன்வேட்டர் வாங்குதல் வீண்செலவென்றே சொல்லல் வேண்டும். மடிக்கணினிக்கும் 12 வோல்ற்றிலிருந்து நேரே ஊட்டும் கருவிகள் உள.

வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு மின்னேற்றுவோரும் உளர். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சத்தி ஏறத்தாழ 9,000 வாற்று மணி. சிறு வான் ஒன்று நின்றநிலையில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லீற்றருக்கு மேற் குடிக்கும். இருபது வாற்று மணியைப் பெறுதற்கு 4,500 வாற்று மணியை எரிப்பதென்றால், பயனாவது நூற்றுக்கு அரைப் பங்கினுங் குறைவு. வாரத்துக்கு 5 லீற்றர் என்று வரையறுக்கப்பட்டிருந்த காலத்தில் இதன் கொடுமை சொல்லாமலே விளங்கும். மாறாக, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பத்து வாற்றுப் பாரம் ஒரு பொருட்டன்று. ஆதலின் ஓடும்போது நிரப்பிக்கொள்ளுதலும், நிற்கும்போது பவர் பாங்கிலிருந்து எடுத்தலுமே முறை. நின்ற வண்டியின் கண்ணாடிகளை மூடி எஞ்சினை இயக்கியபடி உறங்குதல் எரிபொருள் விரயம் மட்டுமன்று. காபனோரொட்சைட்டு மணமின்றி உட்புகுந்து உயிரைக் கவரும்.

எண்ணெயின்றி நிற்கும் வண்டிக்கும் கம்பியறுந்த லயத்துக்கும் பொதுவாக எஞ்சும் ஊற்று ஞாயிறு. இந்நாட்டிற் சூரிய மின்தகடு கிராமங்களுக்குப் புதிதன்று. உலக வங்கியின் உதவியோடு 1997 தொடக்கம் 2011 வரை அடுத்தடுத்து நடைபெற்ற இரு திட்டங்களால், சர்வோதயத்தின் சீட்ஸ் முதலிய நிறுவனங்கள் கடன் கொடுக்க, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் தகடு பெற்றன. கம்பி மின்சாரம் வந்தபின் பலர் அவற்றைக் கைவிட்டனர். தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. லயத்தின் கூரை தோட்டத்துக்கு உரியது. தனதல்லாத கூரையில் ஆணியடித்தல் எங்ஙனம்? வானில் வாழ்பவனுக்காவது கூரை தன்னுடையது. ஆகவே லயத்தோனுக்கு ஏற்றது பொருத்திவைக்கும் பெருந்தகடன்று. காலையில் முற்றத்திற் சாய்த்து வைத்து மாலையில் உள்ளே எடுத்துக்கொள்ளத்தக்க இருபது வாற்றுச் சிறுதகடு.

பன்விலையில் அத்தகடு எவ்வளவு தரும்? மேகமற்ற நாளொன்றின் வெயிலை நான்கு மணி நேர முழுவெயிலுக்குச் சமமென்று கொண்டால் எண்பது வாற்று மணி. கழிவுபோகக் கைக்கு வருவது ஐம்பது. மேலே கண்ட முப்பத்தாறுக்கு அது போதும். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையை மூடும் மந்தாரம், அதனைக் காற்பங்காக்கிவிடும். அக்காலத்தை எண்ணிப் பெரிய பற்றரி வாங்குவாரினும் பெரிய தகடு வாங்குவாரே கணக்கறிந்தவர். தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஈயப் பற்றரி மூன்று, நான்கு ஆண்டில் முடிந்துபோம். நிரப்புவதற்கு வெயிலில்லாத பெரும் பற்றரி வெறும் பானையே. தகட்டின் ஒரு மூலையிற் சவுக்கு மரத்தின் நிழல் விழுந்தாலும் முழுத்தகட்டின் ஓட்டமும் தளரும். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். வானின் கூரையிலே தகட்டைப் படுக்கவைப்போர் நிழலுக்காக மரத்தடியில் வண்டியை நிறுத்துதல் தமக்குத்தாமே முரணான செயல். 12 வோல்ற்றுத் தகடென விற்கப்படுவது வெயிலில் 18 வோல்ற்று வரை காட்டுமாதலின் அதனைத் தொலைபேசியோடு நேரே இணைத்தல் ஆகாது. இடையே ஒழுங்காக்கி வேண்டும். யூ.எஸ்.பி. வாயிலை உடன்கொண்ட சிறு தகடுகளில் அது உள்ளேயே அமைந்திருக்கும்.

பற்றரியிலிருந்து எக்கம்பியை எடுத்தாலும் அதன் நேர்முனைக்கு அண்மையில் ஐந்து அம்பியர் உருகியொன்றை இடுதல் இன்றியமையாதது. மெல்லிய கம்பி உராய்ந்து தொடுகையுற்றால் வண்டியே எரியும். இலிதியக் கலங்களுக்கோ வெப்பமே பெரும்பகை. நண்பகலில் முன்கண்ணாடியின் கீழே வைத்துத் தொலைபேசியை மின்னேற்றுதல் அதன் ஆயுளைக் குறைக்கும். உப்பிய கலத்தை அமுக்குதலும் குத்துதலும் தீ விபத்துக்கு வழியாம். பழைய மடிக்கணினியின் மின்கலவடுக்கைப் பிரித்தாற் பெரும்பாலும் ஆறு உருளைக் கலங்கள் கிடைக்கும். புதிதாயிருந்த காலத்தில் ஒவ்வொன்றும் எட்டு வாற்று மணியளவு கொண்டவை. அவற்றுட் சில இன்னும் பாதிக்கு மேற் கொள்ளும். இவற்றைக்கொண்டு மலிவாகப் பவர் பாங்க் செய்ய முயலும் மாணவர், மிகையேற்றத்தையும் குறுஞ்சுற்றையும் தடுக்கும் காப்புச்சுற்றுப் பலகையை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பின்னரே கலங்களைத் தொடுக.